மூடிய டப்பாவும் உணவுச் சட்டமும்

பால் விற்பவரிடம் மாதிரி எடுக்கும் அரசு அலுவலரின் பணி கடினமானதே ஆயினும் தெளிவானது. பாத்திரத்தில் உள்ள பாலை அவர் நன்கு கலக்கச் செய்கிறார். சாட்சிகள் முன்னிலையில் அளந்து எடுக்கிறார். சம பாகங்களாகப் பிரித்துப் புட்டிகளில் ஊற்றி முத்திரை வைக்கிறார். ஒரு புட்டியில் இருப்பது தண்ணீர் கலந்த பாலானால் மற்றப் புட்டிகளில் இருப்பதும் அதே பால்தான். ஒன்றை அரசின் பகுப்பாய்வாளர் சோதிக்கலாம். மற்றொன்றைக் குற்றம் சாட்டப்பட்டவர் வேறோர் ஆய்வுக்கூடத்தின் சோதனைக்கு அனுப்பக் கோரலாம். இரு தரப்பும் ஒரே பொருளைப் பற்றியே வாதிடுகின்றன. இந்தியாவின் உணவுச் சட்டம் இந்தப் பாற்குடத்தை மனத்தில் வைத்து வளர்ந்த சட்டம் என்று கூறினால் அது மிகையாகாது.

அதே அலுவலர் மளிகைக் கடையின் அலமாரியில் அடுக்கியிருக்கும் மீன் டப்பாக்களின் முன் நிற்கும்போது நிலைமை மாறிவிடுகிறது. ஒவ்வொரு டப்பாவும் தனித்தனியே மூடப்பட்ட ஒரு சிறு உலகம். ஒன்று கெட்டிருக்கலாம், அதை ஒட்டி நிற்கும் மற்றொன்று மாசற்றதாக இருக்கலாம். திறந்தால்தான் உள்ளிருப்பது தெரியும். திறந்துவிட்டாலோ அந்த டப்பா விற்பனைக்கும் பயன்படாது, மறு சோதனைக்கும் பயன்படாது. கெட்டுப்போன டப்பா மீனை ஓர் அரசு எவ்வாறு கண்டுபிடிக்கிறது, எவ்வாறு தடுக்கிறது, எவ்வாறு நீதிமன்றத்தில் நிரூபிக்கிறது என்னும் கேள்வி இங்கேதான் எழுகிறது. பொதுச் சுகாதாரத் துறையில் பணியேற்கவிருக்கும் மாணவர்களுக்கும், ஏற்கெனவே பணியில் உள்ள அலுவலர்களுக்கும் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று.

முதலில் டப்பா மீன் கெடும் விதத்தைப் பார்க்க வேண்டும். உணவைக் கலத்தில் இட்டு, காற்றுப் புகாமல் மூடி, சூடேற்றிக் காக்கும் முறையை வகுத்துத் தந்தவர் பிரெஞ்சு நாட்டவரான நிக்கோலா அப்பேர். 1810ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அவருக்குக் கிருமிகளைப் பற்றி ஏதும் தெரியாது. அந்த அறிவு பாஸ்டருக்குப் பின் வந்தது. இன்று நிலைபெற்றுள்ள விதி இது: புளிப்புக் குறைந்த உணவாகிய மீனை டப்பாவில் அடைத்தால், டப்பாவின் நடுவில் மிகத் தாமதமாகச் சூடேறும் புள்ளியிலும் 121 டிகிரி செல்சியஸ் வெப்பம் சுமார் மூன்று நிமிடமேனும் நிலவியதற்கு ஈடான சூடு கிடைத்திருக்க வேண்டும். பொட்டுலிசம் என்னும் கொடிய நோய்க்குக் காரணமான கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரின் விதைகளை அழிப்பதற்காக வகுக்கப்பட்ட அளவு இது. காற்றில்லாத இடமே இந்த நுண்ணுயிர் செழிக்கும் இடம். உணவைக் காப்பதற்காக மூடப்படும் டப்பா, சூடு போதாவிட்டால் அந்த நுண்ணுயிரைக் காப்பாற்றும் கருவியாகிவிடுகிறது.

போதாத சூடு ஒரு காரணம். இரண்டாவது காரணம் டப்பாவிற்குள் நுழையும் முன்பே மீன் கெட்டிருப்பது. சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்களைப் பிடித்தவுடன் பனிக்கட்டியில் இடாமல் வெயிலில் கிடக்கவிட்டால், அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருள் உண்டாகிறது. முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு, வாந்தி ஆகியவை அதனால் விளைகின்றன. நுண்ணுயிரைக் கொல்லும் நீராவிச் சூடு ஹிஸ்டமினை அழிப்பதில்லை. படகிலே நிகழ்ந்த அசட்டையை ஆலையின் எந்த இயந்திரமும் திருத்த முடியாது. டப்பாவில் அடைத்த சூரை மீனுக்கான சர்வதேச உணவுத் தரநெறி, கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருந்தால் மீன் அழுகியது என்றும், 200 மில்லிகிராமைத் தாண்டினால் உடல்நலத்திற்கு ஊறு என்றும் கொள்கிறது. ஒரே தொகுதியில் ஒரு மீனுக்கும் மற்றொரு மீனுக்கும் இந்த அளவு பெரிதும் வேறுபடும் என்பதால், ஐரோப்பிய விதிகள் ஒரு தொகுதிக்கு ஒன்பது மாதிரிகளைக் கேட்கின்றன.

மூன்றாவது காரணமே மிகவும் நுட்பமானது. டப்பாவின் உடலையும் மூடியையும் சேர்க்கும் இடத்தில் தகடுகள் ஒன்றோடொன்று கொக்கிபோல் மடிக்கப்படுகின்றன. சூடேற்றிய டப்பா குளிர்ந்த நீரில் இறக்கப்படும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. அந்த வெற்றிடம் வெளியில் உள்ளதை உறிஞ்சுகிறது. மடிப்பு சற்றே பிசகியிருந்தாலும், கண்ணுக்குத் தெரியாத துளை வழியே ஒரு சொட்டு நீர் உள்ளே போய்விடும். அந்த நீர் தூயதானால் கேடில்லை. 1964ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் 400க்கும் மேற்பட்டோருக்கு டைபாய்டு காய்ச்சல் கண்டது. அர்ஜென்டினாவில் தூய்மை செய்யப்படாத ஆற்று நீரில் குளிர்விக்கப்பட்ட மாட்டிறைச்சி டப்பா ஒன்றே அதற்கு மூலம் என்று முடிவு கட்டப்பட்டது. அது மீன் அன்று. ஆயினும் குளிர்விக்கும் நீரில் குளோரின் கலக்க வேண்டும் என்ற விதியின் அருமையை இதைவிடத் தெளிவாக உணர்த்தும் நிகழ்ச்சி வேறு இல்லை.

இந்த மூன்றாவது வழி மீன் டப்பாவில் எவ்வாறு செயற்பட்டது என்பதை 1978ஆம் ஆண்டு உலகம் கண்டது. அவ்வாண்டு ஜூலை இறுதியில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் முதியோர் நால்வர் ஒரு டப்பா சால்மன் மீனைப் பகிர்ந்து உண்டனர். மீன் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் அடைக்கப்பட்டது. நால்வரும் பொட்டுலிசத்தால் தாக்குண்டனர், இருவர் உயிரிழந்தனர். நோயின் வகையை மருத்துவர்கள் விரைவில் அறிந்தனர். உண்டபின் எஞ்சிய டப்பாவும் ஆய்வுக்குக் கிடைத்தது. அதில் பொட்டுலினத்தின் ‘ஈ’ வகை காணப்பட்டது.

இந்த ஓர் எழுத்து விசாரணையின் போக்கையே நிர்ணயித்தது. ‘ஈ’ வகை நீர்நிலைகளிலும் மீன்களிலும் வாழ்வது. அதன் விதைகள் சூட்டைத் தாங்கும் ஆற்றல் குறைந்தவை. கொதிநிலைக்குக் கீழேயே அழிந்துவிடக் கூடியவை. நீராவிக் கலத்தின் 121 டிகிரியை அவை கடந்து வந்திருக்க முடியாது. ஆகவே சூடேற்றியதில் குறை இல்லை. சூடேற்றிய பிறகே கிருமி நுழைந்திருக்க வேண்டும். டப்பாவைச் சோதித்தபோது விளிம்பில் ஒரு சிறு துளை தெரிந்தது. மீன் அறுக்கும் பகுதியில் உடுத்திய ஈர மேலங்கிகளைத் தொழிலாளர்கள் குளிர்ந்துகொண்டிருந்த டப்பாக்களின் மேல் உலர்த்தியதால் கிருமி சேர்ந்தது என்ற விளக்கம் பின்னர் கூறப்பட்டது. இந்த வகைக் கிருமி வளரும் உணவில் எப்போதும் துர்நாற்றம் எழுவதில்லை என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். முகர்ந்து பார்த்து வாங்கும் பழக்கம் உள்ளவருக்கும் இங்கே அந்தப் பழக்கம் காவல் ஆவதில்லை.

நான்கு ஆண்டுகளுக்குள் மற்றொரு நிகழ்ச்சி. 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் இருவர் அலாஸ்கா சால்மனை உண்டு பொட்டுலிசத்துக்கு ஆளாயினர், ஒருவர் மாண்டார். அலாஸ்காவின் மீன் ஆலைகள் தொலைதூரத்தில் உள்ளவை. வெற்று டப்பாக்களைக் கப்பலில் அனுப்பினால் காற்றுக்கே வாடகை கொடுத்தது போலாகும். எனவே டப்பாவின் உடல் தட்டையாக அழுத்தி அனுப்பப்பட்டு, ஆலையில் ஓர் இயந்திரத்தால் மறுபடி உருளையாக்கப்பட்டது. அந்த இயந்திரத்தின் கோளாறு தகட்டில் சிறு கிழிசலை ஏற்படுத்தியதே மூல காரணமென்று தெரியவந்தது. அதே வகை இயந்திரம் வேறு ஆலைகளிலும் இருந்தது. விளைவு: அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் மேற்பார்வையில் ஐந்து கோடிக்கும் மேற்பட்ட டப்பாக்கள் திரும்பப் பெறப்பட்டன.

ஒரே டப்பாவின் பொருட்டு ஐந்து கோடி டப்பாக்கள் என்றால் அது மிதமிஞ்சிய நடவடிக்கை என்று தோன்றலாம். இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பத்தாயிரம் டப்பாக்களுக்கு ஒன்று வீதம் துளையுள்ளது என்று வைத்துக்கொண்டு, அந்தக் குவியலிலிருந்து 200 டப்பாக்களை எடுத்துச் சோதித்தால், துளையுள்ள டப்பா ஒன்றேனும் அகப்படுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு இரண்டே. மற்ற 98 தடவையும் சரக்குக் குற்றமற்றதென்றே அறிக்கை எழுதப்படும். ஆய்வாளர் நேர்மையானவராயினும் ஆய்வுக்கூடம் சிறந்ததாயினும் இந்தக் கணக்கு மாறாது. உண்பவர்கள் எண்ணிக்கையோ கோடிக்கணக்கில். மாதிரி எடுத்துச் சோதிப்பது அவசியமன்று என்று இதனால் ஆகிவிடாது. ஹிஸ்டமினையும் உப்பின் அளவையும் ஈயத்தையும் கண்டுபிடிக்க அதுவே வழி. ஆனால் அரிதாக நேரும் துளையை மாதிரியால் பிடித்துவிடலாம் என்று நம்பி அமர்ந்திருக்கும் நிர்வாகம் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது.

அமெரிக்கச் சட்டம் இந்த இடர்ப்பாட்டைச் சந்தித்த விதம் கவனிக்கத்தக்கது. 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்து, அழகுப் பொருள் சட்டம் அழுகிய உணவைக் கலப்பட உணவென்று கூறுவதோடு நிற்கவில்லை. மாசுபட்டிருக்கக் கூடிய விதத்தில் சுகாதாரமற்ற சூழ்நிலையில் தயாரிக்கப்பட்ட, அடைக்கப்பட்ட அல்லது வைக்கப்பட்ட உணவையும் அதே வகையில் சேர்த்தது. டப்பாவினுள் கிருமி இருப்பதை அரசு நிரூபிக்க வேண்டியதில்லை; கிருமி சேர இடமுண்டாக்கிய ஆலையின் நிலையை நிரூபித்தால் போதும். சரக்கைக் கைப்பற்றும் வழக்குகளில் பிரதிவாதியாக நிற்பது டப்பாக்களே என்பது அந்நாட்டு நடைமுறையின் ஒரு விநோதம். அரசு ஒரு பக்கம், இத்தனை பெட்டி சால்மன் மறுபக்கம் என்று வழக்கின் பெயரே அமையும். உரிமையாளர் விரும்பினால் முன்வந்து தமது பெட்டிகளுக்காக வாதாடலாம்.

அதுவும் போதவில்லை. 1963ஆம் ஆண்டு டெட்ராய்ட் நகரில் டப்பாச் சூரை மீனை உண்ட பெண்கள் இருவர் பொட்டுலிசத்தால் இறந்தனர். 1971இல் டப்பாவில் அடைத்த சூப் ஒன்று நியூயார்க் மாநிலத்தில் ஓர் உயிரைக் கொண்டது. 1973இல் புளிப்புக் குறைந்த டப்பா உணவுகளுக்குத் தனி விதிகள் பிறந்தன. ஒவ்வோர் ஆலையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். எந்த அளவு டப்பாவுக்கு எத்தனை நிமிடம், எத்தனை டிகிரி என்ற சூடேற்றும் முறையை முன்கூட்டியே அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். நீராவிக் கலத்தின் வெப்ப வரைபடத்தையும் மடிப்பின் அளவீடுகளையும் பாதுகாத்து வைத்து, கேட்கும்போது காட்ட வேண்டும். காவலின் மையம் கடையின் அலமாரியை விட்டு ஆலையின் பதிவேட்டுக்கு நகர்ந்தது. இத்தனைக்குப் பின்னும் 1978உம் 1982உம் நேர்ந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. விதிகள் நீராவிக் கலத்தைக் கூர்ந்து நோக்கின. கேடு டப்பாவுக்கு உருக்கொடுக்கும் இயந்திரத்தின் வழியே வந்தது.

இந்தியாவின் அனுபவம் வேறு வகையானது. டப்பா மீன் இங்கே மக்களின் அன்றாட உணவாக ஒருபோதும் இருந்ததில்லை. சென்னை மாகாண மீன் துறையின் முன்னோடியான சர் பிரடெரிக் நிக்கல்சன், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலபார்க் கரையில் மத்தியை டப்பாவில் அடைக்கும் முயற்சிகளை அரசின் பொறுப்பில் தொடங்கிவைத்தார். அரசே மீன் டப்பா அடைத்து வழிகாட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்தக் காலத்திலேயே தோன்றிவிட்டது. விடுதலைக்குப் பின் கொச்சி வட்டாரத்தில் இறாலை டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் வளர்ந்தது. 1957இல் அந்நகரில் நிறுவப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையம் அத்தொழிலுக்கு அறிவியல் துணையாயிற்று. 1969இல் லட்சத்தீவுகளின் மினிக்காய்த் தீவில் சூரை மீன் டப்பா ஆலை ஒன்று அரசின் சார்பில் தொடங்கப்பட்டது. தூண்டில் கோல்களால் ஒவ்வொன்றாகப் பிடிக்கப்படும் அந்த மீனுக்கு நிலநடுக்கோட்டை அடுத்த வெயிலில் ஹிஸ்டமின் அபாயம் எவ்வளவு என்பதைக் கூற வேண்டியதில்லை.

வெளிநாட்டுக்குச் செல்லும் சரக்கின் தரத்தைக் காக்க 1963இல் ஏற்றுமதி தரக் கட்டுப்பாடு, ஆய்வுச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு ஏற்றுமதி ஆய்வு மன்றம் அமைந்தது. கப்பலேற்றும் முன் சரக்கைச் சோதிப்பதில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1970களில் உற்பத்தி நடக்கும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் கண்காணிக்கும் முறைக்கு மாறியது. 1995ஆம் ஆண்டின் மீன், மீன் பொருள் விதிகள் அபாயக் கட்டங்களை முன்கூட்டியே பகுத்தறிந்து காக்கும் கடமையை ஆலைகள்மேல் சுமத்தின. ஆயினும் 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கடலுணவு இறக்குமதியை நிறுத்தியது. அவர்களுடைய அலுவலர்கள் இங்கே வந்து பார்த்தவை பெட்டிகள் மட்டும் அல்ல. ஆலைகளின் தரை, தண்ணீர், தொழிலாளர்களின் கை கழுவும் இடம் ஆகியவற்றையும் பார்த்தனர். ஆலைகள் பெரும் பொருட்செலவில் திருத்தியமைக்கப்பட்ட பின்னரே கதவு மீண்டும் திறந்தது. மீன் தோலுரித்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான பெண்களின் கூலியும் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது என்பதை அன்றைய செய்தி அறிக்கைகளைப் படிப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

இவ்வாறு வெளிநாட்டார் உண்ணும் மீனுக்கு ஆலையளவில் காவல் இருந்தது. உள்நாட்டார் உண்ணும் மீனுக்கு இருந்தது 1954ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடைச் சட்டம். 1955 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டமும் சுகாதாரமற்ற சூழலில் தயாரித்து அடைத்த உணவைக் கலப்பட உணவாகக் கருதியதே. ஆயினும் ஒரு சொல்லில் வேற்றுமை இருந்தது. அமெரிக்கச் சட்டம் ‘மாசுபட்டிருக்கக் கூடிய’ என்று கூறியது. இந்தியச் சட்டம், அச்சூழலால் உணவு ‘மாசுபட்டுவிட்ட’ நிலையைக் கேட்டது. வினைச்சொல்லின் இந்தச் சிறு மாற்றத்தால் நிரூபிக்கும் பாரம் ஆலையிலிருந்து பெயர்ந்து டப்பாவின் மேல் வந்து அமர்ந்தது.

டப்பாவோ பாற்குடம் அன்று. மூடி முத்திரையிட்ட கலங்களில் விற்கப்படும் பொருளாயின் முழுக் கலங்களையே மாதிரியின் பாகங்களாகக் கொள்ளலாம் என்று விதிகள் இடம் தந்தன. அது தவிர்க்க முடியாத ஏற்பாடே. ஆனால் மூன்று டப்பாக்களை மூன்று பாகங்களாக வைத்தால், ஒன்று கசிந்ததாகவும் மற்ற இரண்டும் கசியாதவையாகவும் இருக்கக் கூடும். பகுப்பாய்வாளர் திறந்ததில் கிருமி இருந்தது என்பதும் உண்மை. குற்றம் சாட்டப்பட்டவரின் கோரிக்கைப்படி மத்திய உணவு ஆய்வுக்கூடம் திறந்ததில் கிருமி இல்லை என்பதும் உண்மை. சட்டப்படி மத்திய ஆய்வுக்கூடத்தின் சான்றிதழே இறுதியானது. இரண்டு உண்மைகளுக்கிடையே வழக்கு விழுந்துவிடுகிறது.

கெடும் பொருள்களைப் பற்றிய வழக்குகளில் மற்றொரு தொல்லையும் உண்டு. டெல்லி மாநகராட்சி தொடுத்த ஒரு தயிர் வழக்கு 1966இல் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாதிரி எடுத்துப் பல மாதங்கள் கழித்தே வழக்குத் தொடரப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் தம் பங்கு மாதிரியைச் சோதிக்கக் கோரியபோது அது முற்றிலும் அழுகிப் போயிருந்தது. சோதனைக்கு அனுப்பும் உரிமை சட்டம் அவருக்கு அளித்த உரிமை. அரசுத் தரப்பின் தாமதத்தால் அந்த உரிமை பறிபோனபின் அவரைத் தண்டிக்கலாகாது என்று நீதிமன்றம் கூறியது. தீர்ப்பு நியாயமானதே. கெட்டுப்போன உணவின் மீது வழக்குத் தொடரும் அலுவலருக்கோ அதில் ஒரு கசப்பான பாடம் அடங்கியிருந்தது. கெட்டிருந்ததே குற்றம் என்று வழக்காடுகையில், எப்போது கெட்டது என்ற கேள்விக்கு விடை கூறக் கூடிய சாட்சி நாட்காட்டி ஒன்றே.

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணயச் சட்டம் 2011 ஆகஸ்ட் 5 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பெற்றது. மாதிரி நான்கு பாகங்களாயிற்று. ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு, பொறுப்பு அலுவலரிடம். நான்காவது, வணிகர் கோரினால் அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வுக்கூடத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். தயிர் வழக்கின் பாடம் இங்கே ஏற்கப்பட்டுள்ளது. பாதுகாப்பற்ற உணவால் மரணம் நேர்ந்தால் ஏழாண்டுக்குக் குறையாத சிறைத் தண்டனை, ஆயுள் சிறை வரைகூட, பத்து லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதத்துடன் விதிக்கப்படலாம். செய்தித்தாள்கள் இந்தத் தண்டனைப் பிரிவையே பெரிதாக எழுதின. டப்பா மீனைப் பொறுத்த அளவில் சட்டத்தின் உண்மையான வலிமை வேறிடங்களில் இருக்கிறது.

18ஆவது பிரிவில் ஒரு வாசகம் உண்டு. ஒரு தொகுதியைச் சேர்ந்த உணவு பாதுகாப்பு விதிகளுக்கு மாறாக இருக்குமாயின், அந்தத் தொகுதி முழுவதுமே அவ்வாறு உள்ளதென்று, மாறாக நிரூபிக்கப்படும் வரை, அனுமானிக்கப்பட வேண்டும். ஒரு கசிந்த டப்பாவும் ஒரு கசியாத டப்பாவும் ஒன்றையொன்று மறுத்து நின்ற பழைய நிலை இதனால் தலைகீழாகிறது. தொகுதி நல்லது என்று காட்டும் பாரம் இப்போது அடைத்தவருடையது. அதை அவர் எதைக்கொண்டு காட்டுவார்? அன்றைய நீராவிக் கலத்தின் வெப்ப வரைபடம், மடிப்பை வெட்டி அளந்த குறிப்பு, குளிர்விக்கும் நீரின் குளோரின் அளவு ஆகியவற்றைக் கொண்டுதான் காட்ட முடியும். இயன்ற முன்னெச்சரிக்கை அனைத்தையும் மேற்கொண்டதாக நிரூபிப்பவருக்கு 80ஆவது பிரிவு அளிக்கும் பாதுகாப்பும் இதே பதிவேடுகளையே நம்பியிருக்கிறது. நேர்மையான ஆலைக்கு இந்த ஏடுகள் கேடயம். ஏடு எழுதாத ஆலைக்கு, அல்லது மாதக் கடைசியில் ஒரே மையால் முப்பது நாளுக்கும் எழுதி முடிக்கும் ஆலைக்கு, அவையே எதிர்ச்சாட்சி. இத்தகைய ஏட்டைக் கண்டவுடன் அடையாளம் காணும் பயிற்சி, நுண்ணுயிர் ஆய்வுப் பயிற்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

28ஆவது பிரிவு, தமது உணவு விதிகளுக்கு மாறானது என்று நம்பக் காரணமுள்ள வணிகர் அதனை உடனே சந்தையிலிருந்து திரும்பப் பெறவும் அரசுக்குத் தெரிவிக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. 2017இல் இதற்கான நடைமுறை விதிகளும் வந்தன. 34ஆவது பிரிவு அவசரத் தடை பற்றியது. இவை காகிதத்தில் சீராக உள்ளன. நடைமுறையில் ஓர் எளிய பொருளை நம்பியே இவை அனைத்தும் இயங்குகின்றன. அது, டப்பாவின் மேல் பொறிக்கப்படும் குறியீட்டு எண். எந்த ஆலை, எந்த நாள், எந்தத் தொகுதி என்பதை அந்த எண்ணே கூறும். மேலே ஒட்டிய வண்ணத் தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாளை ஒட்டலாம். துருவைத் துடைத்து எண்ணெய் பூசலாம். தகட்டில் அழுத்திப் பொறித்த எண்ணை மாற்றுவது அத்தனை எளிதன்று. எண்ணும் தாளும் முரண்படுகின்ற டப்பா, திறக்கப்படாமலே தன் கதையைச் சொல்லிவிடுகிறது. மூடியில் மையால் மட்டும் எண் அச்சிடும் வழக்கம் பரவியுள்ள இந்நாளில் இந்த அனுகூலம் குறைந்துவருவது வருந்தத்தக்கது.

கடையில் நிற்கும் அலுவலருக்குக் கண்ணும் விரலும் கூட உதவுகின்றன. இரு முனைகளும் உப்பி, அழுத்தினாலும் உள்வாங்காத டப்பாவில் வாயு சேர்ந்திருக்கிறது. ஒரு முனையை அழுத்தும்போது மறுமுனை வெளியே எழுவது அதன் தொடக்க நிலை. விளிம்பை ஒட்டிய நசுக்கல், நடுவில் உள்ள நசுக்கலைவிட ஆபத்தானது, மடிப்பு தளர்ந்திருக்கும். பெட்டியில் ஒரு டப்பா கசிந்து மற்றவற்றில் படிந்த கறை, உள்ளே மேலும் கசிவு உண்டென்பதற்கு அறிகுறி. மலிவு விலைக்கு விற்கப்படும் நசுங்கிய டப்பாக்களை ஏழைகளும் விடுதிச் சமையற்காரர்களும் விரும்பி வாங்குகிறார்கள் என்பதால், இந்தச் சோதனை பெரிய கடைகளைவிடச் சிறிய கடைகளிலும் கிடங்குகளிலும் அதிகம் தேவைப்படுகிறது. எனினும் பர்மிங்ஹாமில் இரு உயிர்களைக் கொண்ட துளையை எந்தக் கடைச் சோதனையும் கண்டிருக்காது என்ற நினைவு அலுவலரின் மனத்தில் இருக்க வேண்டும்.

கைப்பற்றிய சரக்கின் முடிவும் சட்ட அமலாக்கத்தின் ஒரு பகுதியே. தகுதியற்றதென ஒதுக்கப்பட்ட டப்பாக்களைக் குழியில் இட்டு மண்ணைத் தள்ளிவிட்டு வருவது பல இடங்களில் நடப்பது. மூடிய டப்பா மண்ணுக்குள் கெட்டுப்போவதில்லை. தோண்டி எடுத்துத் துடைத்தால் மறுபடியும் டப்பாதான். ஆகவே ஒவ்வொன்றும் துளையிடப்பட்டோ நசுக்கப்பட்டோ, உள்ளிருப்பது உண்ண இயலாததாக்கப்பட்ட பின்னரே புதைக்கப்பட வேண்டும். எத்தனை டப்பா, எந்தக் குறியீட்டு எண்கள், யார் முன்னிலையில் என்பவை மகஜரில் எழுதப்பட வேண்டும். மாவட்ட அலுவலகங்களில் இதற்கென ஆளும் கருவியும் வண்டியும் தனியே ஒதுக்கப்படுவது அபூர்வம். சரக்கைப் பிடித்த அலுவலரே தம் உதவியாளர் ஒருவருடன் அமர்ந்து ஒவ்வொரு டப்பாவாகக் குத்த வேண்டியிருக்கிறது. ஆயிரம் டப்பாவுக்கு அது இரண்டு நாள் வேலை.